நாட்டின்மேல் நியாயத்தீர்ப்பு வந்தால் விசுவாசிக்கு என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் புத்தகங்களை வரிசையாக வாசித்து வந்தபோது, நாடு நாடாகத் தேவன் தண்டிப்பதைப் பார்த்து உங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதே புத்தகங்களில் “பயப்படாதே” என்றும் எழுதியிருக்கிறது. பூகம்பமோ போரோ வந்தால் உடனே “இது தேவகோபம்” என்று ஒரு பிரசங்கம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். தேவன் இன்றைக்கும் நாடுகளை நியாயந்தீர்க்கிறாரா என்பது நீங்கள் போட்ட தலைப்பு. ஆனால் உங்கள் மனபாரம் கடைசி வரியில் இருக்கிறது: “நான் இருக்கிற நாட்டின்மேல் அது வந்தால், கிறிஸ்துவை விசுவாசிக்கிற எனக்கும் என் பிள்ளைகளுக்கும் என்ன ஆகும்?” இந்த இரண்டாவது கேள்விதான் கடினம். அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். இறையியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழைய ஏற்பாடு கற்றுக்கொடுத்து வருகிறவன் நான், சபையிலும் பிரசங்கிக்கிறேன். எது வேதத்தில் தெளிவாக இருக்கிறது, எதில் வியாக்கியானக்காரர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை, எது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

தேவன் தனி மனிதரிடம் மட்டுமல்ல, நாடுகளிடமும் கணக்குக் கேட்கிறார். இதில் வேதம் தயங்கவே இல்லை. ஏசாயா 13 முதல் 23 வரை, எரேமியா 46 முதல் 51 வரை, எசேக்கியேல் 25 முதல் 32 வரை முழுக்க இதுதான். ஒபதியாவும் நாகூமும் இந்த ஒரே பொருளுக்காக எழுதப்பட்ட புத்தகங்கள். ஆனால் தேவன் எதற்காகக் கணக்குக் கேட்கிறார் என்று பார்க்க ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களைப் போல நல்ல இடம் வேறு இல்லை. கி.மு. 760 வாக்கில் தெக்கோவாவிலிருந்து வந்த ஒரு மேய்ப்பன், வடநாடாகிய இஸ்ரவேலுக்குள் போய்ச் சுற்றிலுமுள்ள நாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறான். தமஸ்கு கீலேயாத்தின் மக்களை இரும்புக் கருவிகளால் போரடித்தது. காசா ஒரு ஜனத்தையே முழுவதுமாகச் சிறைபிடித்து ஏதோமின் கையில் ஒப்புக்கொடுத்தது. தீரு சகோதர உடன்படிக்கையை மறந்தது. அம்மோன் தன் எல்லையை விரிவாக்குவதற்காகக் கர்ப்பவதிகளைக் கீறிப்போட்டது. மோவாப் ஏதோமுடைய ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகும்படி சுட்டது.

இந்தக் கடைசிக் குற்றத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செய்தது மோவாப், பாதிக்கப்பட்டது ஏதோம். இஸ்ரவேலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் தேவனுடைய நியாயப்பிரமாணத்தைப் பெறாத நாடுகள், இஸ்ரவேலின் பழைய பகையாளிகளும்கூட. அப்படியிருந்தும் செத்துப்போன ஒரு அந்நிய ராஜாவின் உடலுக்குச் செய்த அவமரியாதைக்காகக் கர்த்தர் எழும்புகிறார். இந்தப் பட்டியலில் அந்த நாடுகள்மேல் விக்கிரக ஆராதனைக் குற்றம் சாட்டப்படவில்லை. ஓய்வுநாளை மீறியதாகவும் சொல்லப்படவில்லை. போரில் காட்டிய கொடூரம், ஆள் வியாபாரம், வாக்குத் தவறுதல் ஆகியவைதான் கேட்கப்படுகின்றன. வேதபுத்தகம் கையில் இல்லாதவனுக்கும் மனச்சாட்சி சொல்லியிருக்க வேண்டியவை இவை.

கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எதிரிகள்மேல் விழும் தீர்ப்பு யாருக்குத்தான் கசக்கும்? அடுத்து யூதாவின் பெயர் வருகிறது. அதற்குப் பின் இஸ்ரவேலின் பெயரே வருகிறது, அதுவும் எல்லாரையும்விட நீளமாக. நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டார்கள் என்பது அவர்கள்மேலுள்ள முதல் குற்றச்சாட்டு. மூன்றாம் அதிகாரத்தில் காரணமும் சொல்லப்படுகிறது: “பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களுடைய எல்லா அக்கிரமங்களினிமித்தமும் உங்களைத் தண்டிப்பேன்.” தெரிந்துகொள்ளப்பட்டதால் சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதனாலேயே பொறுப்புக் கூடியது. கி.மு. 722-இல் அசீரியரிடம் சமாரியா விழுந்தது. பேதுருவும் இதே வரிசையைத்தான் சொல்கிறார்: நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்குகிறது (1 பேதுரு 4:17). ஆகவே பிற மதத்தாரையோ பிற நாட்டாரையோ மட்டும் சுட்டி, சபையைத் தொடாமல் போகிற நியாயத்தீர்ப்புப் பிரசங்கம் பாதிப் பிரசங்கம்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். சோதோமின் பாவம் என்னவென்று இன்றைய மேடைகளில் கேட்டால் ஒரே பதில்தான் வரும். எசேக்கியேல் 16:49 கர்வத்தையும், ஆகாரத் திரட்சியையும், ஏழையின் கையைப் பலப்படுத்தாததையும் முதலில் வைக்கிறது. தீர்க்கதரிசிகளின் பட்டியலும் நம் பிரசங்கங்களின் பட்டியலும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்று பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தேவன் ஒரு நாட்டைக் கருவியாக எடுத்து இன்னொரு நாட்டைத் தண்டிப்பதும் வேதத்தில் உண்டு. அதைச் சொல்லும்போது வேதம் மிக எச்சரிக்கையாகச் சொல்கிறது. ஏசாயா 10:5-இல் அசீரியா கர்த்தருடைய கோபத்தின் கோல். ஆனால் அந்த வசனம் “ஐயோ” என்று அசீரியாவைச் சபித்துக்கொண்டே அதைச் சொல்கிறது. அசீரியன் தேவசித்தத்தைச் செய்வதாக எண்ணவில்லை, நாடுகளை அழிப்பதே அவன் ஆசை. “கோடரியானது தன்னால் வெட்டுகிறவனுக்கு விரோதமாக மேன்மைபாராட்டலாமோ?” என்று கேட்டுவிட்டு, அவனையும் நியாயத்தீர்ப்புக்கு இழுக்கிறார் தேவன். கி.மு. 612-இல் நினிவே பாபிலோனியரிடமும் மேதியரிடமும் விழுந்தது. யூதாவைத் தண்டித்த பாபிலோனும் கி.மு. 539-இல் பெர்சியரிடம் விழுந்தது. ஆகவே போரில் ஜெயித்த நாடு நீதியுள்ள நாடு என்றோ, தோற்ற நாடுதான் அதிகப் பாவம் செய்தது என்றோ முடிவுகட்ட வேதத்தில் ஆதாரம் இல்லை. ஆபகூக் அழுததே இதற்காகத்தான். தன்னிலும் நீதிமானை விழுங்குகிற கல்தேயனை, அதாவது பாபிலோனியனை, ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர் என்று தேவனிடமே வழக்காடினார்.

இந்தத் தீர்ப்புகள் எழுதி முத்திரையிட்ட விதிகளும் அல்ல. ஒரு நாட்டைப் பிடுங்குவேன் என்று நான் சொல்லியும் அது தன் தீங்கைவிட்டுத் திரும்பினால் நானும் திரும்புவேன் என்று எரேமியா 18:7, 8-இல் கர்த்தர் பொதுவிதியாகவே சொல்லிவிடுகிறார். யோனா நாற்பது நாள் கெடு கொடுத்தான், நினிவே உபவாசித்தது, கெடு நிறைவேறாமல் போயிற்று, தீர்க்கதரிசிக்குக் கோபம் வந்தது. எருசலேம் மண்மேடாகும் என்று மீகா சொன்னது எசேக்கியா ராஜா காலத்தில் நடக்காமல் போனதை, நூறாண்டு கழித்து தேசத்தின் மூப்பரில் சிலர் ஒரு வழக்கில் முன்னுதாரணமாகவே எடுத்துக் காட்டினார்கள் (எரேமியா 26). தண்டனையோடு கதை முடிந்துவிடுவதும் இல்லை. ஏசாயா 19-ஆம் அதிகாரம் எகிப்தை நொறுக்கத் தொடங்கி, எகிப்தை “என் ஜனம்” என்றும் அசீரியாவை “என் கரங்களின் கிரியை” என்றும் அழைத்து முடிகிறது. இஸ்ரவேலின் மிகப் பெரிய எதிரிகளான அந்த இரண்டு நாடுகளும் அங்கே இஸ்ரவேலோடு ஒரே வரிசையில் ஆசீர்வாதம் பெறுகின்றன. இந்த அதிகாரத்தை முழுவதும் பிரசங்கித்து நான் கேட்டது மிகக் குறைவு.

சந்தேகமான இடங்களுக்கு வருகிறேன். இவற்றில் பெரியது இன்று நடக்கிற ஒரு குறிப்பிட்ட பேரழிவைக் காட்டி “இது இன்ன பாவத்துக்கு வந்த தண்டனை” என்று சொல்வது. தீர்க்கதரிசிகள் சொன்னார்களே என்று கேட்கலாம். அவர்களுக்கு வெளிப்பாடு கொடுக்கப்பட்டது. நமக்கு இருப்பது செய்தித்தாள். இயேசுவிடமே இப்படி ஒரு செய்தியைக் கொண்டுபோனார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தி அது. அவர் அதோடு சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் சேர்த்துக்கொண்டு, இவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பாவிகளென்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார். ஒன்று அரசின் கொலை, மற்றது விபத்து. இரண்டுக்கும் ஒரே பதில். பிறகு கேட்டவர்கள் பக்கமே திரும்பி, “நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்” என்றார் (லூக்கா 13:1-5). செத்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மறுத்தார். உயிரோடிருப்பவர்களை எச்சரிக்க மறுக்கவில்லை. இந்த எல்லைக்கோட்டைத் தாண்டிப் பேசுகிற எந்தப் போதகருக்கும் நான் காது கொடுப்பதில்லை.

சபையின் வரலாறும் நம்மைத் தாழ்மைப்படுத்துகிறது. கி.பி. 410-இல் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை ரோமாபுரியைக் கொள்ளையிட்டபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த அழிவு என்று ரோமாபுரியின் பழைய சமயத்தார் சொன்னார்கள். அதற்கு மறுமொழியாக வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் பல ஆண்டுகள் எழுதினார். நல்லவனும் கெட்டவனும் ஒரே துன்பத்தில் அகப்படுகிறார்கள், துன்பம் ஒன்றானாலும் அதைப் படுகிறவர்கள் ஒன்றல்ல என்பது அவருடைய வாதம். அதே நூற்றாண்டில் சல்வியான் என்ற குரு, ரோமக் கிறிஸ்தவர்களின் அநீதிக்காகத்தான் இது வந்தது என்று வேறு பக்கம் போனார். இருவரும் ஒரே வேதத்தை வாசித்தவர்கள்தான். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில், ஜனங்கள் ஆலயங்களில் கூடியிருந்த நேரத்தில் போர்த்துகல் தலைநகர் லிஸ்பன் பூகம்பத்தில் இடிந்தது. கபிரியேல் மலாக்ரிதா என்ற இயேசு சபைக் குரு அது நகரத்தாரின் பாவத்துக்கான தண்டனை என்று எழுதினார். புரொட்டஸ்டண்ட் நாடுகளில் பலர் அது போர்த்துகீசியர் நடத்திய இன்க்விசிஷனுக்கான (மாற்றுக் கொள்கையுடையவர்களை விசாரித்துத் தண்டித்த சபை நீதிமன்றத்துக்கான) தண்டனை என்றார்கள். அவரவர்க்குப் பிடிக்காத பாவத்தை அவரவர் அந்த இடிபாட்டில் கண்டுபிடித்தார்கள்.

எசேக்கியேல் 38, 39-இல் இஸ்ரவேல்மேல் படையெடுத்து வரும் கோகு, மாகோகு யார் என்பதிலும் இதே கதைதான். நாலாம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் அது கோத் இனத்தார் என்றார். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் அது துருக்கியர் என்றார். இருபதாம் நூற்றாண்டில் பலர் ரஷ்யா என்று உறுதியாகச் சொன்னார்கள். அந்தந்தக் காலத்து எதிரியின் பெயர் அந்த இடத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது. நாளைக்கு வேறொரு பெயர் வரும். அதனால் அந்த வசனங்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. அவற்றை வைத்து இன்றைய வரைபடத்தில் புள்ளி குத்துகிறவருடைய நிச்சயத்தை நீங்கள் கடன் வாங்க வேண்டாம் என்கிறேன். தீருவைப் பற்றிய தீர்க்கதரிசனத்திலேயே நமக்கு ஒரு பாடம் உண்டு. நேபுகாத்நேச்சார் அதை இடித்துக் கொள்ளையிடுவான் என்று எசேக்கியேல் 26 சொல்கிறது. அவனுக்கோ அவன் சேனைக்கோ தீருவினால் கூலி கிடைக்கவில்லை என்று 29:18-இல் எசேக்கியேலே எழுதிவைக்கிறார். கடலுக்குள் இருந்த தீரு நகரத்தை அணைபோட்டுப் பிடித்தவன் கி.மு. 332-இல் வந்த அலெக்சாந்தர். படிப்படியாக நிறைவேறியது என்பார் சிலர், நிபந்தனையோடு சொல்லப்பட்டது என்பார் சிலர். எனக்கு முதல் விளக்கம் கொஞ்சம் பொருத்தமாகத் தெரிகிறது, அடித்துச் சொல்லமாட்டேன்.

அப்படியானால் “இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு” என்று ஒருவரும் எப்போதும் சொல்லக்கூடாதா? தன்னைப் பற்றிச் சொல்லலாம் என்பது என் கருத்து. 1865 மார்ச் 4-இல் ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது, உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் இருந்தது, ஜெயிக்கிற பக்கம் அவருடையது. அடிமைத்தனம் என்ற குற்றத்துக்காக வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்தே தேவன் இந்தப் போரைக் கொடுத்திருக்கலாம் என்று பேசினார். அதையும் ‘அப்படி வைத்துக்கொண்டால்’ என்ற தொனியில்தான் சொன்னார், தன் பக்கத்தை விலக்கவில்லை. 1945 அக்டோபரில் ஜெர்மனியின் சுவிசேஷ சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் கூடி, தாங்கள் இன்னும் தைரியமாய் அறிக்கை செய்யவில்லை, இன்னும் உண்மையாய் ஜெபிக்கவில்லை என்று தங்களையே குற்றப்படுத்திக்கொண்டார்கள். அவர்களில் நீமோலர் என்ற போதகர் நாசி முகாம்களில் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். தானியேல் 9-இல் தானியேல் “நாங்கள் பாவஞ்செய்தோம்” என்று ஜெபித்ததும் இந்த வகை. அடுத்தவனுடைய இடிபாட்டைக் காட்டிப் பேசுவதற்கும் இதற்கும் வெகுதூரம்.

இப்போது உங்கள் கடைசி வரி. விசுவாசி தப்புவானா? “துன்மார்க்கனோடே நீதிமானையும் அழிப்பீரோ?” என்று ஆபிரகாம் சோதோமுக்காகக் கேட்டான் (ஆதியாகமம் 18). ஐம்பது பேரில் தொடங்கிப் பத்துப் பேர் வரை இறங்கினான், ஒவ்வொரு முறையும் தேவன் சம்மதித்தார். இதை வைத்து, நீதிமானுக்கு ஒன்றும் நேராது என்று ஒரு சட்டம் செய்துவிடலாம்போல் இருக்கிறது. எசேக்கியேல் 9-இல், எருசலேமின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடப்படுகிறது, அவர்கள் தப்புகிறார்கள். ஆனால் அதே எசேக்கியேல் 21:3-இல், சன்மார்க்கனையும் துன்மார்க்கனையும் சேர்த்தே உன்னிலிருந்து அறுத்துப்போடுவேன் என்று கர்த்தர் இஸ்ரவேல் தேசத்தைப் பார்த்துச் சொல்கிறார். இந்த இரண்டையும் சமரசப்படுத்தச் செய்யப்படும் முயற்சிகள் பல. ஒன்று ஆத்துமாவைப் பற்றியது, மற்றது சரீரத்தைப் பற்றியது என்பது அவற்றில் பரவலானது. வசனம் அப்படிப் பிரிக்கவில்லை என்பதால் எனக்கு அதில் முழு திருப்தி இல்லை. இரண்டும் வேதத்தில் இருக்கின்றன, இரண்டும் சரித்திரத்தில் நடந்தன என்றே விட்டுவிடுகிறேன்.

எரேமியா 26-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று கூட்டம் கூடுகிறது. சாப்பானின் மகன் அகீக்காம் அவரைக் காப்பாற்றுகிறான். அதே அதிகாரத்தில், எரேமியா சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்ன உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசியை எகிப்துவரை துரத்திப் பிடித்துவந்து, யோயாக்கீம் ராஜா பட்டயத்தால் வெட்டிப்போட்டான். செய்தி ஒன்றுதான், உண்மையிலும் குறைவில்லை. ஒருவர் பிழைத்தார், ஒருவர் இறந்தார். ஏன் என்று அந்த அதிகாரம் விளக்கவில்லை. எருசலேம் விழுந்தபோது எரேமியா உயிர் தப்பினார். பிறகு அவரை விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்கு இழுத்துப்போனார்கள். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியனுக்கு, நீ என்னை நம்பினதால் உன் உயிர் உனக்குக் கொள்ளையுடைமையைப்போல் கிடைக்கும் என்ற வாக்கு வந்தது. எரேமியாவின் எழுத்தனாகிய பாருக்குக்கும் அதே வாக்குதான், கூடவே ஒரு கண்டிப்பும் வந்தது: “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே.” நான் கட்டினதையே இடிக்கிறேன், உனக்கு மட்டும் சொகுசான எதிர்காலம் வேண்டுமா என்கிற தொனி அதில் இருக்கிறது. உயிர் தருகிறேன் என்றார், வீட்டையும் பதவியையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விசுவாசிக்குக் கிடைக்கும் ஆறுதலைப் பற்றி எழுதும்போது நான் அடிக்கடி திரும்பிப் போகிற அதிகாரம் எரேமியா 45. ஐந்தே வசனம்தான்.

நீங்கள் குறிப்பிட்ட “பயப்படாதே” வசனங்களும் இந்தப் பின்னணியில்தான் பேசுகின்றன. “நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்” என்கிற ஏசாயா 41:10-உம், “நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்” என்கிற 43:2-உம் யாருக்குச் சொல்லப்பட்டவை? அந்த அதிகாரங்களை எழுதியவர் எட்டாம் நூற்றாண்டு ஏசாயாவா, பாபிலோன் காலத்து வேறொருவரா என்ற விவாதம் நீண்டது. ஆனால் வார்த்தைகள் போய்ச் சேரவேண்டியவர்கள் யார் என்பதில் பெரிய சண்டை இல்லை. நாடு விழுந்து, ஆலயம் எரிந்து, அந்நிய தேசத்தில் அகப்பட்டிருந்தவர்கள் அவர்கள். நியாயத்தீர்ப்புக்குத் தப்பியவர்களுக்கு இந்த வசனங்கள் எழுதப்படவில்லை. அதற்குள் அகப்பட்டவர்களுக்கே எழுதப்பட்டன. தண்ணீரைக் கடக்க வேண்டியிருக்காது என்று அங்கே இல்லை, கடக்கும்போது என்றுதான் இருக்கிறது. நாட்காட்டிகளில் அச்சாகும் எரேமியா 29:11-உம் அப்படியே. சமாதானத்துக்கேற்ற நினைவுகள் என்ற அந்த வாக்கு வந்த கடிதத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்றும் எழுதியிருக்கிறது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே அடக்கம் செய்யப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கு அந்த வாக்கு பொய்யாகவில்லை, பேரப்பிள்ளைகள் வழியாக நிறைவேறியது. இது நாம் விரும்புகிற ஆறுதலைவிடப் பெரியது, நாம் விரும்புகிற மாதிரி இல்லாததும்கூட.

நாடுகள்மேல் சொல்லப்பட்ட தீர்ப்புகளும் பெரும்பாலும் விசுவாசிகளின் காதுக்கே வந்தன. நாகூமின் வார்த்தைகளை நினிவேயின் அரண்மனையில் யாரும் வாசித்ததாக வேதம் சொல்லவில்லை. அசீரியரின் நுகத்தின்கீழ் நசுங்கிக்கொண்டிருந்த யூதா அதைக் கேட்டது. இரத்தப்பழிகளின் நகரம் என்றென்றைக்கும் நிற்காது என்பதே அவர்களுக்கு நற்செய்தி. அந்தக் கோபமான கவிதையின் நடுவில்தான் “கர்த்தர் நல்லவர், இக்கட்டுநாளிலே அரணான கோட்டை” என்ற வசனம் இருக்கிறது (நாகூம் 1:7). உங்களுக்கு முரணாகத் தெரிந்த இரண்டும், அதாவது தீர்ப்பும் தேற்றரவும், ஒரே செய்தியின் இரண்டு பாதிகள். கொடுமைக்காரனிடம் ஒருநாளும் கணக்குக் கேட்காத தேவனால் நசுக்கப்பட்டவனைத் தேற்ற முடியாது. வெளிப்படுத்தின விசேஷம் 6-இல் பலிபீடத்தின்கீழ் இருந்த இரத்தசாட்சிகள் “எதுவரைக்கும்” என்று கேட்பதும் இதனால்தான்.

புதிய ஏற்பாட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. லூக்கா 21-இல் இயேசு எருசலேமின் அழிவை முன்னறிவிக்கிறார், கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை அதை அழித்தது. அந்தப் பேச்சின் நடுவே சீஷரிடம், உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள் என்கிறார் (16). ஒரு வசனம் விட்டு, “உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது” என்கிறார் (18). இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடத்தான் நமக்கு ஆசை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர், சரீர மரணத்தைத் தாண்டிய ஒரு பாதுகாப்பைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பவுலும் உபத்திரவம், பசி, பட்டயம் எல்லாம் நேரிடும் என்று வைத்துக்கொண்டுதான், இவை ஒன்றும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார் (ரோமர் 8:35-39). சாத்தான் இயேசுவுக்கு மேற்கோள் காட்டியது 91-ஆம் சங்கீதம். உன் பாதம் கல்லில் இடறாது, ஆகவே குதி என்றான். விசுவாசிக்கு விபத்தே வராது என்று அந்தச் சங்கீதத்தைப் பயன்படுத்தும்போது அந்தச் சம்பவம் நினைவிருக்கட்டும்.

ஒரு வேறுபாட்டை நீங்கள் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம். நாட்டோடு சேர்ந்து ஒரு விசுவாசி அனுபவிக்கும் பஞ்சமோ போரோ நோயோ அவனுக்கு எதிரான ஆக்கினைத்தீர்ப்பு அல்ல. கிறிஸ்து இயேசுவுக்கு உட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8:1 சொல்கிறது. தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்று 1 தெசலோனிக்கேயர் 5:9 சொல்கிறது. அந்தத் தீர்ப்பைச் சிலுவையில் அவர் சுமந்து முடித்தார் என்பதே சுவிசேஷம். ஆகவே ஒரு பேரழிவில் உங்கள் வீடு இடிந்தாலும், “தேவன் என்னைத் தள்ளிவிட்டார்” என்ற முடிவுக்கு வர உங்களுக்கு அனுமதி இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைசி உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று அநேகர் போதிக்கிறார்கள். இந்த முறைமையை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி பரப்பினார். சபை உபத்திரவத்தின் ஊடாகவே போகும் என்று வேறு பலர், பழைய ஆசிரியர்களையும் சேர்த்து, நம்பினார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் உங்கள் ஆறுதலை இந்த வாதத்தின்மேல் கட்டாதீர்கள். இந்த நிமிஷமே கொடிய உபத்திரவத்தில் இருக்கிற விசுவாசிகள் உலகில் உண்டு, அவர்களுக்கு ஆறுதலாகாத போதனை எனக்கும் ஆகாது. “என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி” என்ற 2 நாளாகமம் 7:14-ஐ எந்த நாட்டுக்கும் அப்படியே பொருத்தலாமா என்பதும் விவாதம். அது சாலொமோனின் ஆலயத்தையும் இஸ்ரவேல் தேசத்தையும் குறித்துச் சொல்லப்பட்டது. இன்று எந்த நவீன நாடும் அந்த உடன்படிக்கையின் இடத்தில் இல்லை என்பது என் வாசிப்பு. மனந்திரும்புகிறவர்களுக்குத் தேவன் இரங்குகிறார் என்ற குணத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு நாடு தண்டிக்கப்படும்போது குற்றமறியாத குழந்தைகள் சாவது ஏன் என்பதற்கு வேதத்தில் என் மனதை முழுவதும் அமர்த்துகிற பதில் இல்லை. இருக்கிறதாகச் சொல்பவர்களை நம்பவும் எனக்கு மனமில்லை. ஆனால் யோனாவின் கடைசி வசனம் இருக்கிறது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமானவர்களும், அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று தேவனே கேட்கிறார். தண்டிக்கவேண்டிய நகரத்தைப் பார்க்கும்போது அவர் கண்ணில் முதலில் படுகிறவர்கள் அவர்கள் என்பதை அறிந்து வைத்திருக்கிறேன். புலம்பல் புத்தகத்தில் வீதிகளில் மயங்கிக் கிடக்கும் குழந்தைகளுக்காக அழுகிற குரலும் வேதத்தில் சேர்க்கப்பட்ட குரல்தான். அதைத் தேவன் அடக்கவில்லை.

பயம் வருவதே அவிசுவாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆபகூக் 3:16-ஐக் காட்டுங்கள். வரப்போகிற படையைப் பற்றிக் கேட்டதும் குடல் குழம்பிற்று, உதடுகள் துடித்தது என்று எழுதுகிறார் தீர்க்கதரிசி. அதே மனிதர் அதே அதிகாரத்தில், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும், “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்கிறார். நடுக்கம் தீர்ந்தபிறகு பாடிய பாட்டாக எனக்கு அது தெரியவில்லை, நடுங்கிக்கொண்டே பாடியது. “கோபித்தாலும் இரக்கத்தை நினைத்தருளும்” என்ற அவருடைய ஜெபத்தை உங்கள் நாட்டுக்காக நீங்களும் ஏறெடுக்கலாம். ஆபிரகாம் சோதோமுக்காக வாதாடினதுபோலப் பெயர் சொல்லி வாதாடலாம். சிறைப்பட்டுப் போனவர்களிடம் எரேமியா சொன்னது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்பதுதான். அந்தப் பட்டணம் பாபிலோன்.

வாசிப்பு எந்த வரிசையில் தொடரவேண்டும் என்று கேட்டீர்கள். எசேக்கியேலைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். ஆபகூக்கை மூன்று அதிகாரமும் ஒரே அமர்வில் வாசியுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அடுத்து எரேமியா 26, 29, 45. பிறகு லூக்கா 13-உம் 21-உம். ரோமர் 8 முழுவதும். அதற்குப் பின் எசேக்கியேலை விட்ட இடத்திலிருந்து எடுங்கள். 33-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது 11-ஆம் வசனத்தில் நின்று, துன்மார்க்கனுடைய மரணத்தைத் தேவன் விரும்புகிறாரா என்று அவரே ஆணையிட்டுச் சொல்வதைப் பாருங்கள். கேள்விகள் வந்தால் இங்கேயே எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.